குதிரைப் பெட்டிக்காரி

என் மனைவியை எங்கள் பகுதியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குதிரைக்காரி என்றால்தான் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குக் குதிரையம்மா. ஒரு குதிரையின் பக்கத்தில்கூட அவள் போனதில்லை என்பது வேறு விஷயம். எனக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. வீடு வீடாகக் குடிதண்ணீர் கேன் போடுகிற மூன்று சக்கர வண்டி என்னுடையது. அதனால் என்னைத் 'தண்ணி வண்டி' என்பார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவனில்லை நான். ஆனாலும் புதிதாகக் குடிவருகிறவர்கள் என் பேரைக் கேட்டதும் என் மனைவியைப் பாவமாகப் பார்ப்பார்கள். அவளும் மறுக்க மாட்டாள். "ஆமாங்க, காலையிலேயே ஆரம்பிச்சிடுவாரு" என்று முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அவள் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி, அதிலிருந்து ஒரு சுருள் ஒயர், ஒயரின் முனையில் தடித்த பேனா போல ஒன்று. கர்ப்பிணியின் வயிற்றில் கொஞ்சம் ஜெல் தடவி அந்த முனையை வைத்து மெல்ல நகர்த்தினால், உள்ளே இருக்கிற குழந்தையின் இதயத் துடிப்பு வெளியே சத்தமாகக் கேட்கும். போன் சார்ஜரிலேயே அதற்கும் சார்ஜ் ஏறிவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்து கேட்க வேண்டியதை வீட்டுக் கட்டிலிலேயே படுத்துக் கேட்டுவிடலாம். எங்கள் பகுதிக்கு டாக்டர் வருவது குதிரைக்கொம்பு. கொம்பு வராவிட்டாலும் குதிரையாவது வந்ததே என்று நான் சொல்வேன்.

டாப்ளர் என்று சுகாதார நிலையத்தில் அதற்கு ஒரு பேர் சொன்னார்கள். அந்தப் பேர் இங்கே ஒட்டவில்லை. குழந்தையின் துடிப்பு டக்டக் டக்டக் என்று குதிரை பாய்ந்து ஓடுவது மாதிரிதான் கேட்கும். முதல் தடவை கேட்ட ஒரு மாமியார் "அடியே, உள்ள குதிரை ஓடுதுடி" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அது குதிரைப் பெட்டி ஆகிவிட்டது. இப்போதெல்லாம் வழியில் ஒரு கர்ப்பிணியைப் பார்த்தால் சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் குதிரை ஓடுதா என்றுதான் கேட்கிறார்கள்.

என் கேன்களுக்கு நடுவே ஒரு பழைய தலையணையைப் போட்டு அவளை உட்கார வைத்துக்கொண்டு போவேன். அவள் ஒரு வீட்டுக்குள் போனதும் ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்ப்பேன். மேலேயிருந்து முதலில் கரகரவென்று இரைச்சல் வரும். காற்று வீசுகிற மாதிரி, எங்கோ தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். அவள் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். பிறகு சட்டென்று குதிரை வரும். ஜன்னல் வழியே இறங்கித் தெருவைக் கடந்து எதிர் வீட்டு மொட்டை மாடியில் ஏறி, அங்கே காய்கிற வேட்டிகளுக்கு நடுவே புகுந்து, அடுத்த மாடிக்குத் தாவி ஓடும். கண்ணை மூடிக்கொண்டால் நான் அதைப் பார்ப்பேன். நிறம்கூடத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக் குதிரைக்கும் ஒவ்வொரு நிறம். இதை ஒரு நாள் அவளிடம் சொன்னேன். "தூங்கி வழியறதுக்கு இப்படி ஒரு பேரா" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்து இறங்கி வரும்போதும், "இது என்ன நிறம்" என்று கேட்கத் தவறியதில்லை.

அவளைப் பற்றி வெளியில் தெரியாத ஒன்று உண்டு. அவளுக்குக் காது சரியாகக் கேட்காது.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் நூல் மில்லில் வேலை செய்தவள். அங்கே ஓடுகிற இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். இயந்திரத்தில் கோளாறு வந்தால் காதால் கண்டுபிடிக்க முடியாது. உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார்கள். அதிர்வு மாறியிருந்தால் தெரிந்துவிடும். மில் மூடப்பட்டபோது அவள் வெளியே கொண்டுவந்தது அந்தக் கையையும் மந்தமாகிப்போன காதுகளையும்தான். இடது காது பெரும்பாலும் போய்விட்டது. வலது காதில் ஒரு சத்தம் பெரிதாக இருந்தால் அதற்குப் பின்னாலிருக்கும் சின்னச் சத்தம் விழாது. நான் சமையலறைப் பக்கம் குக்கர் சத்தத்துக்கு நடுவே ஏதாவது முணுமுணுத்துத் திட்டித் தப்பித்துக்கொண்டது இதனால்தான்.

பிறகு சுகாதார நிலையத்தில் வீடு வீடாகப் போகிற வேலை கிடைத்தது. எடை பார்ப்பது, மாத்திரை கொடுப்பது என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கருவியைக் கொடுத்தபோதுதான் அவள் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "காதால செய்யற வேலைங்க. நான் எப்படிச் செய்வேன்" என்றாள். முடியாது என்று சொல்லிவிடு என்றேன். ராத்திரி முழுக்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் காலையில் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் அப்படித்தான். கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை.

கையை அவள் காதுக்குத் துணையாக வைத்துக்கொண்டாள். அந்தக் கருவியில் ஒரு சிக்கல் உண்டு. சில சமயம் குழந்தையின் துடிப்புக்குப் பதிலாகத் தாயின் நாடியையே பிடித்துக் கொடுத்துவிடும். அதனால் ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். கருவியில் கேட்பதும் கையில் துடிப்பதும் சேர்ந்தே போனால் அது தாயுடையது. தனித்தனியாகப் போனால் குழந்தையுடையது. இப்படிச் செய்யச் சொல்லிப் பயிற்சியில் எல்லோருக்கும்தான் கற்றுக்கொடுத்தார்கள். இவளுக்கு அது பழக்கமாகவே ஒட்டிக்கொண்டது. வீட்டில் என்னோடு பேசும்போதும் சில நேரம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வேனோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம்.

குதிரைச் சத்தத்தை போனில் பதிந்துகொள்வது எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. எங்கள் பகுதியில் பாதி ஆண்கள் எங்கோ தூரத்தில் வேலை செய்கிறவர்கள். மனைவிமார் பதிந்து அனுப்ப, அவர்கள் அங்கே படுக்கையில் கிடந்து கேட்பார்கள். ஒருவன் அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டானாம். மேஸ்திரி கூப்பிடும்போதெல்லாம் அவன் பிள்ளை ஓடியிருக்கிறது.

முக்குவீட்டு மாடியில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவள் கணவனும் தூரத்தில்தான் இருந்தான். முன்னால் உண்டான ஒன்று தங்கவில்லை. அதனால் இந்தக் குதிரையை அவள் யாரையும்விட அதிகமாகப் பதிந்தாள். ஒரு தடவை அவள் பதிந்துகொண்டிருக்கும்போது கீழே ஒரு தள்ளுவண்டி வழியை மறித்தது. நான் ஹாரனை அடித்துவிட்டேன். என் பழைய ஹாரன் சத்தம் ஊருக்கே தெரியும். சளி பிடித்த கிழவர் தும்முகிற மாதிரி இருக்கும். தையல்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க ஹாரன் என் ரெக்கார்டுல விழுந்துடுச்சு."

"தெரியாம அடிச்சுட்டேம்மா. திரும்பப் பதிஞ்சுக்கோ."

"பரவால்ல இருக்கட்டும். அவருக்கு நம்ம தெரு ஞாபகம் வரும்" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அந்த ஹாரன் ஒரேயடியாகத் தும்மி ஓய்ந்துவிட்டது. புதிது ஒன்று மாட்டினேன். கணீரென்று இருந்தது. என் மனைவிக்கே அது தெளிவாகக் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல்காரிக்கு மாதம் நெருங்கியிருந்தது. அன்றைக்கு அவளைப் பார்க்கிற முறை. வெயில் ஏறிய நேரம், தெருவில் ஆளே இல்லை. நான் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினேன். என் மனைவி படியேறுவதற்கு முன்பே மேலே குதிரை ஓடிக்கொண்டிருந்தது. நல்ல பாய்ச்சல். நான் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தேன். அந்தக் குதிரைக்கு நான் வைத்திருந்த நிறம் சீருடை நீலம். அது மாடிகள்மேல் தாவிப் போவதைப் பார்த்துக்கொண்டே நானும் அரைத் தூக்கத்துக்குள் போய்விட்டேன். அந்த ஓட்டத்துக்கு நடுவில் யாரோ ஒரு கிழவர் தும்மினார். பாவம், அவருக்குச் சளி என்று தூக்கத்திலேயே நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி போன வேகத்தில் இறங்கி வந்துவிட்டாள்.

"என்ன, அதுக்குள்ள ஆச்சா?"

"ஆஸ்பத்திரியிலேருந்தே ஒரு நர்ஸம்மா வந்து பாத்துட்டுப் போனாங்களாம். கதவு பாதிதான் திறந்தா. தூக்கமா வருதுக்கா, நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டா."

"குதிரை?"

"நல்லா ஓடுச்சு. ஏறும்போது நானே கேட்டேனே. அந்தம்மா பதிஞ்சு கொடுத்துட்டுப் போச்சாம், அதைத்தான் போட்டுக் கேட்டுட்டிருக்கா." தலையணையைத் தட்டிப்போட்டு உட்கார்ந்தாள். "என்ன நிறம்?"

நீலம் என்று சொல்ல வாயெடுத்தேன். மேலே அந்தச் சத்தம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. கரகரப்பு, பிறகு பாய்ச்சல். நான் சாவியைத் திருப்பவில்லை. எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழவர் மறுபடியும் தும்மினார். தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது.

"அதுல என் ஹாரன் கேக்குது" என்றேன்.

"எந்த ஹாரன்?"

"பழசு. செத்துப் போச்சே, அது. இன்னைக்கு வந்தவங்க பதிஞ்சா அது எப்படிக் கேக்கும்?"

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் கேட்டோமா என்று பார்க்கிறாள். பிறகு இறங்கி, வண்டியின் பக்கத் தகரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் நின்றாள். இயந்திரம்கூட ஓடவில்லை. அதிலிருந்து அவளுக்கு என்ன தெரிந்ததோ, பையைப் பிடித்துக்கொண்டு படிகளில் ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். வெறுங்கையோடு ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குள் போவது எப்படி என்று ஒரு கேனையும் தூக்கிக்கொண்டு போனேன். அந்த நேரத்திலும் மனசு இதையெல்லாம் யோசிக்கிறது.

தையல்காரி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போனை வயிற்றின்மேல் வைத்திருந்தாள். குதிரை அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. தையல் மிஷின்மேல் ஒரு கையில்லாத சட்டை ஊசியில் சிக்கியபடியே கிடந்தது. அறை முழுக்க நீலத் துணி. ஜன்னல் திரை மெதுவாக உள்ளே வந்து வெளியே போனது. அந்த இடமே ஒரு கனவுக்குள் இருப்பதுபோல அசையாமல் இருந்தது, யாரும் அதை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

"யாரும்மா வந்தாங்க?" என்று என் மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவள் திரும்பவில்லை. "யாரும் வரல அக்கா."

"அசையுதா?"

"காலையிலேருந்து இல்லை." குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. என் மனைவி குனிந்து அவள் வாயைப் பார்த்தாள். "வைக்காதீங்க அக்கா. வெச்சு ஒண்ணும் கேக்கலன்னா நான் என்ன பண்ணுவேன். இதுல ஓடுதுல்ல. இது ஓடட்டும்."

 நான் கேனோடு வாசற்படியில் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"இது போன வாரக் குதிரைம்மா" என்றாள் என் மனைவி. "இன்னைக்குக் குதிரை உள்ள தனியா இருக்கு. கூப்பிட்டுப் பாப்போம்."

போனை அவள் நிறுத்திய சத்தம் கேட்கவில்லை. குதிரை நின்ற சத்தம்தான் கேட்டது. பிறகு கருவியின் கரகரப்பு. காற்று, தண்ணீர், மறுபடியும் காற்று. என் வாழ்க்கையில் எத்தனையோ ஜன்னல்களுக்குக் கீழே அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அது இவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வந்துடு, வந்துடு என்று நானும் உள்ளுக்குள் கூப்பிட்டேன். சுமந்துகொண்டிருந்த கேனைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

வந்தது. ஆனால் ஓடவில்லை. ஒரு அடி, இடைவெளி, ஒரு அடி. களைத்துப்போன ஒன்று எங்கோ தனியாக நடந்து வருவது மாதிரி.

"இது என்னுதா அக்கா?" என்று தையல்காரி கேட்டாள். பதில் தெரிந்தவள் கேட்கிற குரல்.

என் மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். "உன்னுது இல்ல. உன்னுது பயந்துபோய் ஓடிட்டிருக்கு. இது பிள்ளையோடது. நடக்குது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கேனையெல்லாம் இறக்குங்க."

கேன்களை முக்கிலேயே வரிசையாக இறக்கி வைத்தேன். ரெண்டு மூன்று கால் தட்டி உருண்டன. அவை போகட்டும் என்று விட்டேன். கட்டில் மெத்தையை வண்டியில் விரித்தோம். தையல்காரியை இடதுபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, என் மனைவி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கருவியை வயிற்றிலிருந்து எடுக்காமலேயே வந்தாள். தெருக்கோடியில் இஸ்திரிக் கடை வைத்திருந்த தையல்காரியின் மாமியார் நாங்கள் வருவதைப் பார்த்துவிட்டுத் தேய்த்த சட்டைகளைக் கையில் வைத்தபடியே ஏறிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் "இஸ்திரிப் பெட்டிய அணைச்சேனா தம்பி" என்றாள். எனக்கு எப்படித் தெரியும். பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணச் சொன்னேன். அணைத்துத்தான் இருந்தது.

அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் கனவு மாதிரிதான் இருக்கிறது. வெயிலில் தெருவெல்லாம் வெளுத்துக் கிடந்தது. காலிக் கேன்கள் ரெண்டு வண்டியிலேயே நின்றுவிட்டிருந்தன. ஒவ்வொரு குழிக்கும் அவை தடதடவென்று ஓடின. பின்னால் கருவிக்குள் சில சமயம் குதிரை ஓடும், சில சமயம் நடக்கும். நடக்கும்போதெல்லாம் நான் வேகமாக ஓட்டினேன். வேகமாகப் போனால் அதுவும் கூட ஓடிவரும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். புது ஹாரனை விட்டு விட்டு அடித்துக்கொண்டே போனேன். வழி விட்டவர்களெல்லாம் வண்டியைப் பார்த்துவிட்டு, தண்ணிக்கு இவ்வளவு அவசரமா என்கிற மாதிரி பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் டாக்டர் இருந்தாள். என் மனைவி கருவியை எடுக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். அந்த டாக்டரும் நின்று கேட்டாள்.  உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கொடி கழுத்தில் சுற்றியிருக்கலாம், ஆப்பரேஷன் பண்ணித்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் வந்து மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமியார் அந்தச் சட்டைகளை மடியில் வைத்து மடிப்புக் கலையாமல் தடவிக்கொண்டே இருந்தாள். என் மனைவி துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவையே பார்த்தாள்.

"என் காதுல விழலைங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "ரெண்டு தடவை படியில கேட்டேன். ஹாரன் விழவே இல்லை. இறங்கி வந்துட்டேனே. நீங்க தூங்கியிருந்தா நாம போயிருப்போம்."

"தூங்கிட்டுத்தான் இருந்தேன். அதான் கேட்டுச்சு" என்றேன்.

"விளையாடாதீங்க. நாளைக்கே நிலையத்துல சொல்லிடப் போறேன், காது இப்படின்னு. பெட்டிய வாங்கிக்கிட்டா வாங்கிக்கட்டும்."

"சொல்லு. என் காது எதுக்கு இருக்கு, அதையும் சேத்துச் சொல்லு."

 அவள் கை தானாக வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் அப்படியே இருந்தாள். அவளைக் கல்யாணம் செய்துகொண்டது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து நினைத்தேன். சொல்லியிருக்கலாம். அவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் முணுமுணுக்கக்கூடச் செய்தேன்.

"உங்களுது ஓடுது" என்றாள், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேகமாவா?"

"பிள்ளைங்களுது மாதிரி."

அப்போதுதான் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. முதலில் மெல்லிசாக, எனக்கு மட்டும். "கேக்குதா" என்றேன். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவளுடைய வலது காதைக் கதவுப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். பிறகு அது பலமானது. அவள் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் அவளுக்கும் கேட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பெண் குழந்தை. நீலமாக வந்து பிறகு சிவந்துவிட்டதாக நர்ஸ் சொன்னாள். தாயும் நன்றாக இருந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே காட்டினார்கள். மாமியார் போனை எடுத்து, மகனுக்கு அனுப்புவதற்காக அந்த அழுகையைப் பதிய ஆரம்பித்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கீழே வண்டிக்குப் போய் உட்கார்ந்தேன். கை ஹாரன்மேல் இருந்தது. ஒரு தடவை நன்றாக அழுத்தி அடித்தேன். காவல்காரர் ஓடிவந்து, "இது ஆஸ்பத்திரிய்யா, குடிச்சிருக்கியா" என்றார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

திரும்ப மேலே போனபோது மாமியார் போனை என்னிடம் நீட்டினாள். "உங்ககிட்டப் பேசணுமாம் தம்பி."

தையல்காரியின் கணவன். அவனை நான் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. சுற்றிலும் இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே."

"சொல்லுப்பா."

"அம்மா அனுப்புன அழுகையில வேற ஹாரன் கேக்குது. மாத்திட்டீங்களா?"

"ஆமாப்பா. பழசு போயிடுச்சு."

அங்கே இரும்பு அடிப்பது நின்றது. வேறு எங்காவது நகர்ந்து போயிருப்பான். மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

"அப்போ இது இன்னைக்குப் பதிஞ்சதுதான்" என்றான்.